ஓய்வு நாள்

உழவே பெருந்தொழிலாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் வார விடுமுறை என ஒன்று இல்லை. நெற்பயிருக்கு ஞாயிறும் ஒன்றே, திங்களும் ஒன்றே. நாற்று முதிர்ந்தால் நட வேண்டும். கதிர் முற்றினால் அறுக்க வேண்டும். ஆயினும் உழவர்க்கு ஓய்வே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அவர்தம் ஓய்வு வாரக் கணக்கில் வராமல் பருவக் கணக்கில் வந்தது. ஆடிப் பதினெட்டில் புதுப்புனல் காண ஆற்றங்கரைக்குச் செல்வர். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு எனப் பல வகைச் சோறு சமைத்து எடுத்துச் சென்று, கரையில் வட்டமாக அமர்ந்து உண்பர். அறுவடை முடிந்து தை பிறந்தால் காணும் பொங்கல் வரும். உற்றாரைக் காண்பதும் ஊரைச் சுற்றிக் காண்பதும் அந்நாளின் வேலை. காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளும் மாட்டுப் பொங்கலன்று பாலாற்றங்கரையில் உள்ள பழைய சீவரத்திற்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். தெய்வத்திற்கே ஆண்டில் ஒரு நாள் வெளியுலா வேண்டியிருக்கிறது என்றால், மனிதர்க்குச் சொல்லவும் வேண்டுமோ!

அந்தப் பாலாற்றங்கரையிலிருந்து வடகிழக்கே சிறிது தொலைவு சென்றால் வேறோர் உலகம் தொடங்குகிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் என்னும் ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைகளே அவ்வுலகம். ஸ்ரீபெரும்புதூர் 1017-ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த ஊர் என்று முன்னர் அறியப்பட்டது. ஏரிகள் மிகுந்திருந்தமையால் இப்பகுதி அடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே வழங்கினர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக ஆலைகள் எழுந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலையும், 2012-இல் டைம்லர் லாரி ஆலையும், 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் இயங்கத் தொடங்கின. டயரும் கண்ணாடியும் கைப்பேசியும் இன்று இவ்வட்டாரத்தில் உருவாகின்றன. இவ்வாலைகளில் உழைப்போருள் உள்ளூரார் சிலரே. திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர் பலர். பீகார், ஒடிசா, அசாம் போன்ற தொலைமாநிலங்களிலிருந்து வந்தவரும் பலர்.

இத்தொழிலின் தன்மையை அறிந்தாலன்றி இவர்கள் ஓய்வின் அருமை விளங்காது. கார் ஆலையில் ஒருவர் ஒரு காரை முழுமையாகச் செய்வதில்லை. ஊர்ந்து செல்லும் பட்டையின்மீது காரின் உடல் நகர்ந்து வருகிறது. ஒருவர் கதவைப் பொருத்துகிறார். அடுத்தவர் சக்கரத்தை முடுக்குகிறார். தமக்கு உரிய ஒரு சிறு செயலை, தமக்கு அளிக்கப்பட்ட சில நொடிகளுக்குள், நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். உழவன் களைத்தால் வரப்பில் சிறிது அமரலாம். பட்டையின் முன் நிற்பவர் அமர்ந்தால் அவருக்குப் பின் உள்ள அனைவர் வேலையும் நின்றுபோகும்.

அன்றியும் ஆலை இரவிலும் உறங்குவதில்லை. காலை, மாலை, இரவு என ‘ஷிப்டு’ மாறி மாறி வருகிறது. மனித உடலுக்குள் பகலையும் இரவையும் அறியும் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது கதிரவன் ஒளியைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. அக்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்தமைக்காக 2017-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு அமெரிக்க அறிஞர் மூவருக்கு வழங்கப்பட்டது. ஆலையின் கடிகாரம் ஒன்று சொல்ல, உடலின் கடிகாரம் மற்றொன்று சொல்லும். ஆகவே இரவு ஷிப்டு முடிந்து வருபவரின் ஓய்வு நாளில் முற்பகுதி உறக்கத்திற்கே போய்விடுகிறது. துணி துவைக்கவும் வீட்டிற்குப் பணம் அனுப்பவும் இன்னொரு பகுதி போகிறது. எஞ்சும் சில மணி நேரமே அவருக்குச் சொந்தமானது.

இச்சொந்தப் பொழுதும் தானாக வந்ததன்று. இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது சிறுவரைப் பற்றியே பேசிற்று. வளர்ந்தவர்களுக்கு வார விடுமுறை தரவில்லை. பம்பாய் நூலாலைகளில் ஞாயிறு என்றும் பாராமல் வேலை நடந்தது. அந்நாளில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர், ‘தீனபந்து’ என்னும் மராத்தி இதழை நடத்தியவர், தொழிலாளரைத் திரட்டினார். 1884-இல் கூட்டம் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று விண்ணப்பம் அனுப்பினார். ஆறு ஆண்டு கழித்து, 1890 ஏப்ரலில், ஏறத்தாழப் பதினாயிரவர் கூடிய பெருங்கூட்டத்தில் பெண் தொழிலாளரும் எழுந்து பேசினர். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். அடுத்த ஆண்டில், 1891-இல், சட்டமும் இசைந்தது. ஞாயிறு, ஜேஜுரியில் கோயில் கொண்ட கண்டோபா தெய்வத்தின் நாள் என்பதும் லோகண்டே எடுத்துரைத்த காரணங்களுள் ஒன்று என்பர். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை வெள்ளையர் கொடுத்த கொடை என்று கருதுவோர் இதனை அறிதல் வேண்டும்.

சென்னையிலும் ஓய்வே முதல் வழக்காக எழுந்தது. 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு. வி. க. அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர் அந்நாளில் முறையிட்ட குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவை மென்று விழுங்கவும் நேரம் போதவில்லை என்பதாகும். 1921-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, ஏழு நாளில் ஒரு முழு நாள் ஓய்வு என்பதை உலக நாடுகளுக்கெல்லாம் உரிய ஒப்பந்தமாக வகுத்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது என்றும், வாரத்தின் முதல் நாளாகிய ஞாயிறு விடுமுறை என்றும் கூறிற்று. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றே கூறுகிறது.

ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிறு வாயில் இருந்தது. ஞாயிறன்று வேலை வாங்கினால், அதற்கு முன் மூன்று நாளிலோ பின் மூன்று நாளிலோ ஒரு நாள் விடுமுறை அளித்தால் போதும் என்பதே அது. நிற்காமல் ஓடும் ஆலைகளுக்கு இவ்வாயில் இன்றியமையாதது என்பதை மறுக்க முடியாது. எனினும் அதன் பயனாக ஒருவருக்குச் செவ்வாயிலும் மற்றொருவருக்கு வெள்ளியிலும் ஓய்வு வருகிறது. ‘வீக் ஆப்’ என்று ஆலையில் வழங்குவது இதனையே. எந்த நாளாயின் என்ன, ஒரு நாள் ஒரு நாள்தானே என்று கேட்கத் தோன்றும்.

இக்கேள்விக்கு ஒரு பெருநாடே விடை கண்டது. 1929-இல் சோவியத் அரசு, ஆலைகள் ஒரு நாளும் ஓயலாகாது என்று கருதி, ஏழு நாள் வாரத்தை நீக்கி ஐந்து நாள் வாரத்தைப் புகுத்தியது. தொழிலாளர் ஐந்து பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் ஓய்வு நாள். நான்கு நாள் உழைத்தால் ஐந்தாம் நாள் ஓய்வு. கணக்கின்படி பார்த்தால் ஓய்வு முன்னிலும் மிகுதி. ஆயினும் மக்கள் மகிழவில்லை. கணவன் மஞ்சள், மனைவி சிவப்பு என்றால் இருவரும் எந்நாளில் கூடி உண்பது? நண்பர் ஐவர் ஐந்து நிறம் என்றால் எவரோடு எவர் உலாவச் செல்வது? வெறும் வீட்டில் தனியே கழியும் விடுமுறை விடுமுறையாகுமா என்று தொழிலாளர் முறையிட்டனர். பொறிகளுக்கும் பழுது பார்க்க நேரமின்றிப் போயிற்று. 1931-இலேயே அம்முறை தளர்த்தப்பட்டு, அனைவர்க்கும் பொதுவான ஓய்வு நாளுடன் ஆறு நாள் வாரம் வந்தது. 1940-இல் பழைய ஞாயிறே திரும்பி வந்தது. ஓய்வு என்பது மணிக் கணக்கு மட்டுமன்று. கூட இருப்பதற்கு ஆள் வேண்டும் என்பதை அந்நாடு பதினோர் ஆண்டு செலவிட்டுக் கற்றது.

அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி போர்டு இதனை வேறு வழியில் உணர்ந்தார். 1926-இல் அவர் தம் ஆலையில் சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக்கினார். இரக்கத்தினால் மட்டும் அன்று. மக்களுக்கு ஓய்வு இருந்தால்தான் வெளியூர் செல்வர். வெளியூர் சென்றால்தான் கார் வாங்குவர் என்பது அவர் கணக்கு. வணிகரின் கணக்கே ஆயினும் நல்ல கணக்கு. அவர் தொடங்கிய நிறுவனம் ஒரகடத்திற்கு அண்மையில் மறைமலைநகரிலும் 2022 வரை கார்களைச் செய்துவந்தது.

இனி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஓய்வு நாள் எவ்வாறு கழிகிறது என்பதைக் காணலாம். ஓர் அறையில் நால்வர், ஐவர் சேர்ந்து வாடகைக்கு இருப்பது இங்கு வழக்கம். ஆறு நாளும் ஆலை உணவகத்தில் உண்ட நாவுக்கு ஏழாம் நாள் சொந்தச் சமையல் விருந்தாகிறது. ஒருவர் வெங்காயம் அரிவார். ஒருவர் கறி வாங்கி வருவார். சமைக்கத் தெரிந்தவர் அன்று தலைவராவார். வட மாநிலத்தார் அறையில் லிட்டி வேகும். கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலை மாவைப் பூரணமாக வைத்துத் தணலில் சுட்டு, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு உண்பது அது. ஒரே சுவருக்கு இப்புறம் குழம்பும் அப்புறம் லிட்டியும் மணக்கும்போது, கிண்ணங்கள் சுவரைச் சுற்றிச் செல்வதற்கு நெடுநாள் ஆவதில்லை. மொழி தெரியாதவரும் சுவை தெரிந்தவரே.

கொரிய நாட்டவரும் இங்கு வாழ்கின்றனர். கார் ஆலையோடு வந்தவர்கள் அவர்கள். ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை தொங்கும் உணவகங்களைக் காணலாம். கோசுக்கீரையை மிளகாய்த் தூளிட்டுப் புளிக்கவைத்த ‘கிம்ச்சி’ இன்றி அவர்களுக்கு உணவு இறங்காது. இதில் ஒரு வியப்பு உண்டு. மிளகாய் கொரியாவுக்கும் உரியதன்று, தமிழ்நாட்டுக்கும் உரியதன்று. கொலம்பசு 1492-இல் கடல் கடந்த பிறகே அமெரிக்காவிலிருந்து அது ஆசியாவுக்கு வந்தது. மிளகைப் போல் உறைப்பதால் தமிழர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டுக்கொண்டனர். எங்கோ பிறந்த காய், இருவேறு நாட்டார் ஊறுகாய்ச் சாடிகளில் நெடுங்காலம் தங்கி, ஒரே சாலையில் வந்து சந்தித்திருக்கிறது.

குடிப்பதற்குத் தேநீர் எந்நேரமும் உண்டு. கோடையில் சாலையோரத்தில் நுங்கும் இளநீரும் மோரும் கிடைக்கும். இவற்றோடு நிற்பவர்க்கு ஓய்வு நாள் மலிவாகவே முடிகிறது. மதுக்கடையில் நுழைபவர்க்கு அது வாரக் கூலியை விழுங்கும் நாளாகிறது. மறுநாள் பட்டையின் முன் நடுங்கும் கையோடு நிற்க வேண்டிய இடரும் சேர்கிறது. 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் இராசாசி மதுவிலக்கைத் தொடங்கியபோது, கூலி வீடு சென்று சேர வேண்டும் என்பதே முதல் நோக்கமாக இருந்தது. களைத்த உடல் மயக்கத்தை ஓய்வென்று எண்ணி ஏமாறுவது இன்றும் நடக்கிறது. மற்றோர் ஏமாற்றமும் உண்டு. அது இதனினும் சிறியது, சற்று நகைப்புக்குரியதும்கூட. ஆறு நாள் கைப்பேசியை உறுப்பு உறுப்பாகப் பொருத்தியவர், ஏழாம் நாளும் படுத்தபடியே கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வெளியே செல்ல விரும்புவோர்க்கு ஒரகடம் நல்ல இடத்தில் அமைந்துள்ளது. வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் அங்கே சந்திக்கின்றன. நாற்சந்தியில் நின்றால் நான்கு திசையிலும் காட்சிகள். வடக்கே, வல்லக்கோட்டையில் ஓங்கி நிற்கும் முருகனைக் கண்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளையும் இராமானுசரையும் வணங்கலாம். 1991-இல் அங்கு உயிர்நீத்த இராசீவ் காந்தியின் நினைவிடமும் அவ்வூரிலேயே இருக்கிறது. கிழக்கே, வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. சென்னை நகருக்குள் 1855-இல் தோன்றிய விலங்குக் காட்சிசாலை, இடம் போதாமல் 1985-இல் இக்காட்டுப் பகுதிக்கு வந்தது. பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. செவ்வாயில் ‘வீக் ஆப்’ வாய்த்தவர் புலியைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அன்று புலிக்கும் ஓய்வு.

மேற்கே சென்றால் காஞ்சிபுரம். கயிலாசநாதர் கோயிலின் மணற்கல் சிற்பங்கள் இராசசிம்ம பல்லவன் காலத்தவை. ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை வாய்ந்தவை. அவற்றைக் கண்டு களைத்தோர்க்குக் காஞ்சிபுரத்து இட்டலி காத்திருக்கும். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கிற் குடலையில் நெடுநேரம் வேகவைப்பது அது. தட்டு இட்டலியைப் போல் ஒருவர்க்கு இத்தனை என்று எண்ணி வைக்க இயலாது. குடலையிலிருந்து எடுத்துத் துண்டு துண்டாக அறுத்துப் பங்கிட வேண்டும். கூட்டமாக உண்பதற்கென்றே பிறந்த பண்டம் என்று அதனைச் சொல்லலாம்.

தெற்குச் சாலை செங்கற்பட்டைக் கடந்து வேடந்தாங்கலுக்கு இட்டுச் செல்லும். கார்த்திகை முதல் மாசி வரை அவ்வேரியின் மரங்களில் இலை தெரியாதபடி நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊரார், நெடுங்காலமாக அவற்றைக் காத்துவருகின்றனர். தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. 1798-ஆம் ஆண்டளவில் கலெக்டர் பிளேசு அவ்வுரிமையை ஒப்புக்கொண்டார். 2022-இல் அவ்வேரி உலகப் புகழ் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. இரைச்சல் மிகுந்த ஆலையில் ஆறு நாள் நின்றவர்க்கு அவ்வூரின் அமைதி தனி மருந்து. பறவைகளின் கூச்சல் இரைச்சல் ஆகாதோ என்றால், கேட்டவர் ஆகாது என்றே சொல்வர்.

பெண் தொழிலாளர்க்கு இவ்வுலாக்கள் அத்துணை எளியனவல்ல. கைப்பேசி ஆலைகளில் உழைப்போருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். அவர்கள் தங்கும் விடுதிகள் பலவற்றில் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்னும் கட்டளை உண்டு. காவல் வேண்டும் என்பது பெற்றோர் கருத்து. பகலில் உறங்கி மாலையில் விழிப்பவர்க்கு ஓய்வு நாளில் கதவு மூடியிருக்கிறது என்பது அவர்கள் வருத்தம். 2021 டிசம்பரில் விடுதி உணவால் தோழியர் பலர் நோயுற்றபோது, அப்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறித்தனர். நல்ல உணவும் நல்ல உறைவிடமும் இன்றி ஓய்வு இல்லை என்பதை நாடு அன்று கேட்டது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க பெருவிடுதி ஒன்றை அரசு கட்டி, 2024 ஆகஸ்டு 17-இல் திறந்தது.

ஓய்வைக் கூட்டுவதற்கு வேறொரு வழியும் சொல்லப்பட்டது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. விரும்புவோர் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என்று அதற்கு விளக்கம் கூறப்பட்டது. மூன்று நாள் என்றால் ஊருக்குச் சென்று வரலாம். ஆசை காட்டும் எண்தான். ஆனால் தொலைவிலிருந்து நிறுவனப் பேருந்தில் வருபவர்க்குப் போக்குவரவு மூன்று மணி நேரம் என்று கொண்டால், 12-ஓடு 3 சேர்ந்து 15 ஆகிறது. எஞ்சிய ஒன்பது மணி நேரத்தில் உறங்கி, உண்டு, குளித்து, குழந்தையின் முகம் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் பல கட்சிகளும் எதிர்த்தன. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியதன் நூறாம் ஆண்டு நிறைவில், 2023 மே 1 அன்று, அத்திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

சட்டம் தராததைத் தொழிலாளர் சில வேளைகளில் தமக்குள் ஆக்கிக்கொள்கின்றனர். ஒருவர் தம் வார விடுப்பை மற்றவர்க்கு விட்டுக்கொடுத்து, பிறிதொரு வாரத்தில் அதனைத் திரும்பப் பெறுவார். மேற்பார்வையாளர் இசைந்தால், அறைத் தோழர் நால்வரும் ஒரே நாளில் வெளியே செல்லும் வாய்ப்பு அதனால் கிட்டும். தை பிறக்கும்போது இம்மாற்று வணிகம் மும்முரமாகிறது. தமிழர் ஊருக்குச் செல்ல வடவர் நின்று வேலை பார்ப்பர். சத் பண்டிகைக்கு வடவர் செல்லும்போது தமிழர் நிற்பர். பொங்கல் கழிந்து ஊரிலிருந்து திரும்புவோர் பையில் கரும்பும், வீட்டு முறுக்கும், பனங்கிழங்கும் இருக்கும். அவற்றில் ஒரு பங்கு நின்றவருக்கு உரியது.